குவாலிஸும் இன்னோவாவும்

பெங்களூருவை அடுத்த பிடதி ஆலையிலிருந்து 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த டொயோட்டாவின் குவாலிஸ், இந்தோனேசியாவில் அந்நிறுவனம் விற்ற கிஜாங் என்ற வண்டியைத் தழுவியது. 2005-இல் அதன் இடத்தை இன்னோவா பிடித்தது. குவாலிஸின் 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் எளிமையானது என்பதால், சிற்றூர் மெக்கானிக்கே பழுது பார்த்துவிடுவார். ஆனால், பின்புறம் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகளாலான வில்) இருப்பதால், ஆள் நிறையாத வண்டியில் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும். பின்புறம் காயில் ஸ்பிரிங்கும் (சுருள்வில்), டீசலை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் 2.5 லிட்டர் காமன் ரெயில் எஞ்சினும் கொண்ட அந்த இன்னோவாவில், திருச்சியிலிருந்து சென்னை வரை நடுவரிசையில் அமர்ந்து வரும் பெரியவர்கள்கூட அலுப்பின்றி இறங்குவார்கள். குடும்பப் பயணத்துக்கு அதுவே மேல் என்று உறுதியாகச் சொல்வேன். டீசல் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையெனில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கெட்டு, மாற்றும் செலவு கையைக் கடிக்கும்.