பெரிய திரை போன்: அங்குலத்தை விடுங்கள், அகலத்தைப் பாருங்கள்

2011இல் 5.3 அங்குலத் திரையோடு சாம்சங்கின் கேலக்ஸி நோட் போன் வந்தபோது பலகை என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவின் திரை 6.8 அங்குலம், ஆனால் போனின் அகலம் 79 மி.மீ. தான், அந்தப் பழைய நோட்டின் 83 மி.மீ.யைவிடக் குறைவு. திரை நீளவாக்கில் வளர்ந்ததும், அதைச் சுற்றியுள்ள விளிம்பு மெலிந்ததுமே காரணம்.

தொல்லை எடையில்தான்: 232 கிராம். படுத்துக்கொண்டு படித்தால் சுண்டுவிரல்தான் அடியில் முட்டுக்கொடுக்கும். கொஞ்ச நேரத்தில் கடுக்கும், நழுவினால் நேரே மூக்கில் விழும். உறை போட்டால் எடையும் அகலமும் இன்னும் கூடும்.

மேல் மூலையில் உள்ள பட்டனைக் கட்டைவிரலால் எட்டப் பார்க்கும்போதுதான் பிடி தளர்கிறது. செட்டிங்ஸில் ஒற்றைக் கைப் பயன்முறையை இயக்கிவிட்டு, திரையின் அடி விளிம்பின் நடுவில் கீழ்நோக்கி இழுத்தால் காட்சி சுருங்கிக் கைக்கு எட்டும். கீபோர்டையும் ஓரமாக ஒதுக்கலாம். ஆனால் அப்படிச் சுருக்கித்தான் எப்போதும் பயன்படுத்துவீர்கள் என்றால் பெரிய திரை எதற்கு?

பிடிஎஃப், வரைபடம், வீடியோ என்று நாளெல்லாம் பார்ப்பவருக்கு இது வசதிதான். 5,000 எம்ஏஎச் பேட்டரியும் கிடைக்கிறது. ஒரு கையில் பையோடு மெசேஜ் தட்டுபவருக்கு 70.6 மி.மீ. அகலமும் 167 கிராம் எடையும் உள்ள சாதாரண எஸ்24 போதும்.