ஸ்டென்ட் மறுபடி சுருங்கினால்: மருந்து பலூனா, இன்னொரு ஸ்டென்டா, பைபாஸா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய் இதயக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் உலோக வலை) வைத்து வந்தவருக்கு நெஞ்சுவலி திரும்பினால், வீட்டில் உடனே பட்டிமன்றம்தான். "அப்பச்சிக்கு இன்னொண்ணு வச்சிரலாமே" என்பார் ஒருவர். "பலூன் போதுமாம்" என்பார் இன்னொருவர். பழையது ஏன் சுருங்கியது என்று யாரும் கேட்பதில்லை.

ஸ்டென்ட் முதல் நாளே முழுசாக விரியாமல் இருந்திருக்கலாம். அல்லது உள்ளே திசு வளர்ந்திருக்கலாம். ஆஞ்சியோவை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. குழாய்க்குள் நுழைந்து பார்க்கும் ஓசிடி அல்லது ஐவஸ் வேண்டும். விரியாததை உயர் அழுத்த பலூனால் விரிக்கவேண்டும். குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு (கால்சியம்) இறுகியிருந்தால் அதிர்வலையால் நொறுக்கும் பலூனும் உண்டு. இதைச் செய்யாமல் உள்ளே புது ஸ்டென்ட் சொருகுவது, நிலை கோணலாக இருக்கும்போது தேக்குக் கதவை மட்டும் மாற்றுகிற வேலை.

மருந்து பலூனின் பலம், உள்ளே எதையும் விட்டு வராதது. பெரும்பாலும் திசு வளர்ச்சியைத் தடுக்கும் பாக்லிடாக்ஸெல் மருந்து தடவிய பலூனை அரை நிமிடம், ஒரு நிமிடம் சுவரோடு அழுத்தி எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் 2024-ல்தான் இதற்கு அனுமதி; ஐரோப்பாவில் வெகுநாளாகப் புழக்கம். சாதா பலூனை இது தெளிவாக முந்துகிறது, ஆகவே சாதா பலூன் போட்டியிலேயே இல்லை.

புது மருந்து ஸ்டென்டோடு மோதினால்? 10 ஆய்வுகளின் 1,976 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த டெடலஸ் அலசலில், மூன்றாண்டுக்குள் அதே இடத்துக்கு மறுசிகிச்சை தேவைப்பட்டது பலூனில் 16%, ஸ்டென்டில் 12%. முதலில் வைத்தது மருந்தில்லாத ஸ்டென்டாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். மருந்து ஸ்டென்டாக இருந்தால்தான் புது ஸ்டென்ட் முந்துகிறது. 2024 ஐரோப்பிய வழிகாட்டுதலும் அங்கே ஸ்டென்ட் பக்கமே.

ஆனாலும் ஏற்கெனவே இரண்டு அடுக்கு உலோகம் இருந்தால், சின்னக் கிளையாக இருந்தால், ரத்தக்கசிவு பயத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் இரட்டை மாத்திரையை நீட்ட முடியாதவராக இருந்தால், என் ஓட்டு பலூனுக்கே. பெரிய குழாய், ஒரே அடுக்கு என்றால் ஸ்டென்ட். எத்தனை அடுக்கு, என்ன அளவு என்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டிய ஸ்டிக்கரிலேயே இருக்கும்: 3.0 x 28 என்றால் விட்டம் 3 மி.மீ., நீளம் 28 மி.மீ. அதையும் ஆஞ்சியோ சிடியையும் கையோடு கொண்டுபோங்கள். (உட்கார்ந்திருக்கும்போதே வலி, வியர்வை என்றால் ஃபைல் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.)

பைபாஸ் என்றதும் ஆச்சிமார் முகம் வாடிவிடும். நெஞ்சைத் திறக்கவேண்டும், தேற வாரக்கணக்காகும், உண்மைதான். ஆனால் சர்க்கரையோடு மூன்று குழாயிலும் அடைப்பு, இடது பிரதானக் குழாயில் சிக்கல், அல்லது அதே இடம் திரும்பத் திரும்பச் சுருங்குகிறது என்றால், ஸ்டென்ட் இருக்கும் இடத்தையே தாண்டி ரத்தத்தைக் கொண்டுபோவது அது ஒன்றுதான். அந்த நிலையில் மூன்றாவது அடுக்குக்குச் சம்மதிக்கும் முன், இதய அறுவை மருத்துவர் ஒருவரிடமும் சிடியைக் காட்டிவிடுவேன்.