ஆர்பிட்ரான் பிளாக்: ரெண்டு வார்த்தைக்கு கெத்து, மூணாவது வரில தலைவலி

ஸ்பேஸ் கேம், சயின்ஸ் ஃபிக்‌ஷன் போஸ்டர், டெக்னோ பார்ட்டி ஃப்ளையர்னு எங்க திரும்பினாலும் இந்த ஃபான்ட் இருக்கும், பேரு தெரியாம பாத்திருப்பீங்க அவ்ளோதான். ஆர்பிட்ரான். மேட் மெக்கினர்னி டிசைன் பண்ணது, 2009ல லீக் ஆஃப் மூவபிள் டைப்னு ஃப்ரீ ஃபான்ட் வெளியிடுற ஒரு குழு இத ஃப்ரீயா வெளியிட்டாங்க, இப்போ கூகுள் ஃபான்ட்ஸ்லயும் கிடைக்குது. நான் பேசப்போறது முக்கியமா பிளாக் வெயிட் பத்தி, வெயிட்னா எழுத்தோட தடிமன், இதுல இருக்குறதுலயே தடியானது பிளாக், நம்பர்ல சொன்னா 900. ரெகுலர்ல ஏதோ ரவுட்டர் செட்டிங்ஸ் பேஜ் மாதிரி சாதுவா உக்காந்திருக்கும், பிளாக்குக்கு ஏத்தினாதான் சாமி வந்து ஆடும்.

இந்த ஜாடைக்கு பூர்வீகம் இத்தாலி. டூரின்ல நெபியோலோன்னு ஒரு டைப் ஃபவுண்டரி, அதாவது அச்செழுத்து செய்யுற கம்பெனி, அங்க 1952ல அலெஸ்ஸாண்ட்ரோ புட்டியும் ஆல்டோ நொவரேசேவும் சேந்து மைக்ரோகிராமான்னு ஒரு ஃபான்ட் பண்ணாங்க, அதுல கேப்பிடல் லெட்டர் மட்டும்தான். 1962ல நொவரேசே ஸ்மால் லெட்டரும் சேத்து யூரோஸ்டைல்னு கொண்டு வந்தாரு. முழு வட்டமும் இல்ல முழு சதுரமும் இல்ல, பழைய டிவி ஸ்கிரீன் ஷேப். அதுக்கப்புறம் சினிமாக்காரங்க விண்கலம்னாலே இந்த மாதிரி எழுத்த எடுத்து ஒட்டி ஒட்டி, எதிர்காலம்னா இப்படித்தான் எழுதியிருக்கும்னு நம்ம மண்டைல ஏத்திவிட்டாங்க. மெக்கினர்னி சொன்ன காரணமே யூரோஸ்டைலுக்கும், பேங்க் காதிக்னு இன்னொரு பழைய ஃபான்ட்டுக்கும் ஒரு மாற்று வேணும்ங்கறதுதான். இதுல காமெடி என்னன்னா பேங்க் காதிக் 1930ல வந்தது, அப்போ எந்த ராக்கெட்டும் விண்வெளிய தொடல, அத வச்சுதான் எல்லாரும் வருங்காலம் காட்டிட்டு இருந்தாங்க.

சரி யூஸ் பண்ண எப்படி இருக்குன்னா, பெருசா போட்டா செம. ஸ்கிரீன் முழுக்க ஒரே ஒரு வார்த்தை, எல்லாமே கேப்பிடல், ஃப்ளாட் கலர், பின்னாடி எதுவும் இல்ல, இப்படி போட்டு பாருங்க, லோகோ டிசைனர் ஒருத்தர் வேல பாத்த மாதிரியே நிக்கும். எழுத்தெல்லாம் அகலம், மூலை மழுக்கி இருக்கு, கோடு நல்ல தடிமன், அதனால பக்கத்து பக்கத்துல நிக்கும்போது ஒரு சுவர் எழும்பின எஃபெக்ட் வருது. இதுக்கு மேல டிசைன்னு தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம்.

பிரச்சனை அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா மக்கள் சும்மா இருக்க மாட்டாங்க. க்ளோ, குரோம் கிரேடியன்ட், அவுட்லைன், பின்னாடி நியான் கிரிட்னு எல்லாத்தையும் மேல கொட்டுவாங்க. பிளாக் வெயிட்ல எழுத்துக்குள்ள இருக்குற காலி இடம் ஏற்கனவே ஒடுக்கமான பிளவுதான், பி (B) எழுத்தையும் 8ஐயும் ஜூம் பண்ணி பாத்தா தெரியும், உள்ள ரெண்டு படுக்கை கீறல்தான் மிச்சம். அதுமேல க்ளோ வச்சா அந்த கீறலும் அடைஞ்சு போயி பி எது 8 எதுன்னே தெரியாது. ஓவுக்கும் (O) டிக்கும் (D) கூட வித்தியாசம் இடது மூலைலதான் இருக்கு, ப்ளர் ஆனா அதுவும் காலி. அதனால கூப்பன் கோட், சீரியல் நம்பர், பாஸ்வேர்டு இதெல்லாம் இதுல போடவே போடாதீங்க ப்ளீஸ்.

சின்ன சைஸும் அப்படித்தான். மெனு, பட்டன், பாரா டெக்ஸ்ட்னு எல்லாத்துக்கும் இதையே போட்ட சைட்லாம் இருக்கு, 14 பிக்சல்ல நாலு வரி படிக்கிறதுக்குள்ள கண்ணு கெஞ்சும். இது டிஸ்ப்ளே ஃபான்ட், ஹெட்டிங்க்கு செஞ்சது, கீழ படிக்கிற மேட்டருக்கு எழுத்து நுனில குஞ்சம் இல்லாத சாதாரண சான்ஸ் செரிஃப் ஒண்ணு போட்டுட்டு போங்க.

வெப்ல போடுறவங்களுக்கு இன்னொண்ணு. கூகுள்ல இருக்கறது வேரியபிள் ஃபான்ட், ஒரே ஃபைல்ல வெயிட் 400லேருந்து 900 வரைக்கும் போகும். நீங்க 400 மட்டும் லோடு பண்ணிட்டு சிஎஸ்எஸ்ல 900னு எழுதினா பிரவுசர் தானா ஒரு போலி போல்டு செஞ்சு கொடுக்கும், சும்மா எழுத்த வீங்க வைக்கும், மூலையெல்லாம் கொழகொழன்னு ஆயிடும். ஃபான்ட் நல்லால்லன்னு திட்டுறவங்கள்ல பாதி பேரு பாத்தது இந்த வீக்கத்ததான்னு நினைக்கிறேன். இட்டாலிக்கும் கிடையாது, கேட்டா பிரவுசர் அதையும் சாச்சு கொடுக்கும், கேவலமா இருக்கும்.

ஸ்பேசிங், அதாவது எழுத்துக்கு நடுவுல விடுற இடைவெளி, கொஞ்சம் பாத்துக்கணும். பெரிய சைஸ்ல கேப்பிடல்ஸ் போடும்போது லேசா நெருக்கினா கட்டுமானம் மாதிரி இறுகும், சின்னதா போட்டே ஆகணும்னா கொஞ்சம் தள்ளி வைங்க. லீக் ஆஃப் மூவபிள் டைப் வெர்ஷன்ல ஸ்மால் கேப்ஸ் (சின்ன சைஸ் கேப்பிடல்), வேற ஷேப்ல மாத்து எழுத்துக்கள் எல்லாம் உண்டு, லோகோ பண்றவங்க அத எடுத்து பாக்கலாம், எல்லாரும் போடுற அதே ஷேப்லேருந்து கொஞ்சமாச்சும் தப்பிக்கலாம்.

ஏன்னா இதோட உண்மையான மைனஸ் டிசைன்ல இல்ல, ஃப்ரீங்கறதுலதான். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ், கமர்ஷியலா யூஸ் பண்ணலாம், மாத்தலாம், ஃபான்ட்ட மட்டும் தனியா விக்கக்கூடாது. அதனால கிரிப்டோ, கேமிங், ரோபோன்னு பேர்ல வந்தவன் எல்லாம் இதையே எடுத்துட்டான். உங்க பிராண்டு தனியா தெரியணும்னா இது வேண்டாம். மைக்ரோகிராமா வாசனை போதும், சத்தம் வேண்டாம்னா மிக்ரோமா பாருங்க, அதுவும் ஃப்ரீ, ஆனா ஒரே வெயிட்தான். ஆடியோவைடும் ஒரே வெயிட், அது கொஞ்சம் கார் ஸ்டிக்கர் பக்கம் சாயும். தடியா வேணும், ஃப்ரீயா வேணும், இன்னைக்கே வேணும்னா திரும்ப ஆர்பிட்ரான்கிட்டதான் வந்து நிப்பீங்க.

தமிழ் எழுத்து இதுல இல்ல. தலைப்புல இங்கிலீஷும் தமிழும் கலந்து போட்டா தமிழ் மட்டும் சிஸ்டம் ஃபான்ட்டுக்கு ஓடிப்போயி ஒல்லியா நிக்கும், அதுக்கு தனியா ஒரு தடிச்ச தமிழ் ஃபான்ட் கொடுத்து, சைஸ கண்ணால பாத்து பாத்து சரிபண்ணணும், நம்பர் வச்சு ஒத்து வராது.