ரிசீவரைத் தக்கவைப்பதா, குவாட்டர்பேக்கை நம்புவதா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், 2022 மார்ச்சில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி தன் அதிவேக ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) டைரீக் ஹில்லை மயாமி அணிக்குக் கொடுத்து, ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) வாங்கிக்கொண்டது. 2025இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் நேர் எதிராகப் போனது: தன் ரிசீவர்களைத் தக்கவைக்க ஜமார் சேஸுக்கு நான்காண்டுக்கு 16.1 கோடி டாலர், டீ ஹிக்கின்ஸுக்கு 11.5 கோடி.

சீஃப்ஸ் பட்ட பாடும் கொஞ்சமல்ல. 2023 தொடக்க ஆட்டத்தில் அவர்களின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மஹோம்ஸ் எறிந்த பந்து ரிசீவர் கடாரியஸ் டோனியின் கையில் பட்டுத் தெறித்தது. எதிரணியான டெட்ராய்ட்டின் வீரர் அதைப் பிடித்து எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுனாக்கிவிட்டார். ஒரே புள்ளியில் தோல்வி! ஆனாலும் அந்தப் பருவத்திலும் முந்தைய பருவத்திலும் சூப்பர் பவுல் என்ற இறுதிப்போட்டிக் கோப்பை அவர்களுக்கே.

2024இல் சேஸ் 127 கேட்ச், 1,708 யார்டு, 17 டச்டவுன் என மூன்றிலும் லீக்கில் முதலிடம். அப்படியும் பெங்கால்ஸ் பிளேஆஃப் என்ற நாக் அவுட் சுற்றை எட்டவில்லை; தடுப்பாட்டம் காலை வாரிவிட்டது. மஹோம்ஸ் போன்றவர் கையில் இருந்தால் நான் சீஃப்ஸ் வழியில்தான் போவேன்.