கச்சான் காற்றில் மூன்று மடிக்கணினிகள்

கேமிங் மடிக்கணினி பற்றி நாம் பார்க்கும் விமர்சனங்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளிலிருந்து வருகின்றன. அங்கே 22 பாகை. மட்டக்களப்புக் கல்லடியில் என் அறையில், கச்சான் என்னும் சூடான தென்மேற்குக் காற்று வீசும் ஆனி மாதப் பிற்பகலில் 33. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயந்திரமானாலும் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுத்துச் சிப்பின் மேல் ஊதுகிறது. அறை பத்துப் பாகை சூடானால் சிப்பும் ஏறத்தாழ அதே அளவு சூடாகும். அதைத் தடுக்க வேண்டுமானால் விசிறி இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். "சத்தம் குறைவு" என்று விமர்சகர்கள் சொன்னால், அது அவர்களுடைய அறைக்கு உண்மை.

நான் கலியாண வீடியோ வெட்டித் தொகுப்பவன். வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில் சடங்குப் பதிவுகளும் சேர்ந்துகொள்ளும். பகலில் டாவின்சி ரிசால்வ் என்னும் வீடியோத் தொகுப்பு மென்பொருள், இரவில் கேம். இரண்டுமே கிராபிக்ஸ் சிப்பைக் கசக்கிப் பிழிகிற வேலைகள். அறைக்கு ஏசி கிடையாது, மேலே ஓட்டுக் கூரை. அடுத்த அறையில் அம்மம்மாவும் அவருடைய வானொலியும். இந்த வருடம் விடுமுறையில் மூன்று இயந்திரங்கள் ஒரே மேசையில் கூடின: என்னுடைய லெனோவோ லீஜன் புரோ 7ஐ, கனடாவிலிருந்து வந்த மச்சானின் ஏசுஸ் ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 18, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பனின் ஏசுஸ் செபிரஸ் ஜி14.

என்னுடையது 2023ஆம் ஆண்டு மாதிரி. இன்டெல் ஐ9 13900எச்எக்ஸ் பிராசசர், 12 ஜிபி நினைவகத்துடன் ஆர்டிஎக்ஸ் 4080 கிராபிக்ஸ் சிப். 16 அங்குலத் திரை, எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஸ்கார் 2024ஆம் ஆண்டினுடையது. 14900எச்எக்ஸ், 16 ஜிபியுடன் ஆர்டிஎக்ஸ் 4090, 18 அங்குல மினி எல்இடி திரை, மூன்று கிலோவுக்கு மேல். இரண்டுக்கும் 330 வாட் சார்ஜர். அந்தச் சார்ஜரைத் தூக்கிப் பார்த்த அம்மம்மா, கம்பியூட்டர் எங்கே என்று கேட்டார். ஜி14 வேறு சாதி. ஒன்றரைக் கிலோ, 14 அங்குல ஓஎல்இடி, ரைசன் 9 8945எச்எஸ், 8 ஜிபியுடன் 4070.

முதலில் பெயர் மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். மேசைக் கணினியில் வரும் 4090க்கு 16,384 கோர் (கணக்குப் போடும் அலகு), 450 வாட், 24 ஜிபி. மடிக்கணினியில் அதே பெயரில் வருவதற்கு 9,728 கோர், அதிகபட்சம் 175 வாட், 16 ஜிபி. உள்ளே இருப்பது மேசைக் கணினி 4080இல் உள்ள சிப். மடிக்கணினி 4080க்கு 7,424 கோர். கணக்குப்படி 4090 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியது. ஆனால் இரண்டுக்கும் 175 வாட்தான் உச்சம் என்பதால் திரையில் வந்து சேரும் வித்தியாசம் அதில் பாதியளவுதான். சைபர்பங்க் 2077 கேமில், ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் பாத் டிரேசிங்கைப் போட்டு இரவுநேரத் தெருக்களில் ஓட்டினால் ஸ்கார் முன்னால் நிற்கிறது, மறுக்கவில்லை. அந்த முன்னிலை கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பம் இடையிடையே செயற்கைச் சட்டங்களை (ஃபிரேம்களை) உருவாக்கிச் சேர்க்கும்போது படம் வழுக்கிக்கொண்டு போகும்; அதற்காக விசையை அழுத்தியதும் பாத்திரம் விரைவாகத் திரும்புவதில்லை. அந்த வேகத்தை நிர்ணயிப்பவை உண்மையாகவே வரையப்படும் சட்டங்கள். அதில் இரண்டுக்கும் இடையே நாலு இலட்ச ரூபாய் வித்தியாசத்தை நான் காணவில்லை.

வலோரன்ட் போன்ற இலேசான இணைய கேம் மட்டும் விளையாடும் தம்பிமார் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அதற்கு இவை எதுவும் தேவையில்லை. நல்ல ஃபைபர் இணைப்புக்குக் காசைக் கொடுங்கள்.

இனிச் சத்தம். டெசிபல் மீட்டர் என்னிடம் இல்லை. அம்மம்மாவின் வானொலி இருக்கிறது. ஸ்காரை டர்போ முறையில் விட்டால் அவர் தென்றல் வானொலியின் சத்தத்தைக் கூட்டுவார். லீஜனைச் சிவப்பு முறையில் விட்டாலும் கூட்டுவார். எஃப்என் விசையோடு கியூவை அழுத்தினால் லீஜனின் பவர் பொத்தான் நிறம் மாறும்: நீலம் அமைதி, வெள்ளை நடுநிலை, சிவப்பு முழு வேகம். வெள்ளையில் விளையாடியபோது வானொலியில் கை வைக்கவில்லை. உச்சத்தில் ஸ்காரின் ஒலி லீஜனைவிடக் கொஞ்சம் கனமானது, காதைக் குத்தாதது. பெரிய உடம்பு, மூன்று விசிறிகள், திரவ உலோகப் பூச்சு எல்லாம் சேர்ந்த பலன் அது. ஜி14இல் ஒலியளவு குறைவுதான், ஆனால் விசிறி சின்னது, அதிவேகமாகச் சுழல்கிறது. வலைக்குள் புகுந்த நுளம்பைப் போல மெல்லிய கூரான சத்தம். மூன்றிலும் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது அதன் மேல்தான். விமர்சனங்களில் வரும் டெசிபல் எண்ணில் இந்தக் கூர்மை தெரியாது.

ஆக, சத்தம் கம்பனியைப் பொறுத்ததல்ல, வாட்டைப் பொறுத்தது. 175 வாட் கிராபிக்ஸ் சிப்பும் அதற்குப் பக்கத்தில் நூறு பாகை வரை ஏறத் தயங்காத எச்எக்ஸ் பிராசசரும் ஒரு தட்டையான பெட்டிக்குள் இருந்தால், அந்தச் சூடு முழுவதும் உங்கள் அறைக்குள்தான் வந்து விழ வேண்டும். கதவைச் சாத்தி இரண்டு மணிநேரம் விளையாடிவிட்டு வெளியே வாருங்கள், விறாந்தை குளிர்ச்சியாகத் தெரியும். கடைசி முப்பது, நாற்பது வாட்டில் கிடைக்கும் கூடுதல் சட்டங்கள் சொற்பம். சத்தத்தின் பெரும்பகுதியோ அந்த முப்பது, நாற்பது வாட்டில்தான் பிறக்கிறது.

நான் செய்வது இதுதான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சட்ட வேகத்தை நொடிக்கு 90இல் கட்டிவிடுவேன். திரை 240 ஹெர்ட்ஸ் என்பதற்காக 240 சட்டம் துரத்த வேண்டியதில்லை. கதையோடு போகிற கேம்களுக்கு 90 தாராளம். விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 சதவீதத்துக்கு இறக்கினால் டர்போ என்னும் கூடுதல் வேகம் நின்றுவிடும். சிப்பின் சூடு கணிசமாக இறங்கும். கேமில் இழப்பது குறைவு. வீடியோவை இறுதியாக ஏற்றுமதி செய்யும்போது மட்டும் பழையபடி 100க்குக் கொண்டுபோவேன், அந்நேரம் நான் அறையில் இருப்பதில்லை.

இங்கே 4090க்கு நியாயமும் செய்ய வேண்டும். இரண்டையும் 90இல் கட்டினால், பெரிய சிப் அதே வேலையைக் குறைந்த வாட்டில் முடிக்கிறது. ஸ்கார் அந்த நிலையில் லீஜனைவிட அமைதி. ஆனால் அந்த அமைதிக்கு என்ன விலை? ஸ்காரின் இந்த மாதிரி அமெரிக்காவில் ஏறத்தாழ 3,900 டொலருக்கு வந்தது. 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய். 2025இல் 300ஐச் சுற்றி நின்றது. அந்தக் கணக்கில் விலை பன்னிரண்டு இலட்சத்தை நெருங்குகிறது. அதற்கு மேல் 2024 ஜனவரியில் 18 சதவீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி, பிறகு கடைக்காரரின் இலாபம். என் லீஜனைப் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் பத்து இலட்சத்துக்குக் கொஞ்சம் கீழே பேசி எடுத்தேன். மிச்சமான காசில் ஒரு ஏசி பூட்டலாம். அதைவிட நல்ல குளிர்விப்பான் எந்த மடிக்கணினிக்குள்ளும் இல்லை.

ஜி14ஐப் பற்றி நீட்ட எதுவுமில்லை. பல்கலைக்கழகத்துக்குப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறவருக்கு அருமையான பொருள். சின்ன யுஎஸ்பி சி வகைச் சார்ஜரிலும் ஏறும். ஆனால் ரேம் பலகையோடு ஒட்டியே வருகிறது, பிறகு கூட்ட முடியாது. 8 ஜிபி கிராபிக்ஸ் நினைவகம் என் வேலைக்குப் போதாது. 4கே பதிவில் இரைச்சல் நீக்கம் போட்டதும் ரிசால்வ் நினைவகம் தீர்ந்துவிட்டதாக அறிவிக்கிறது. 2025இல் வந்த 50 வரிசையிலும் மடிக்கணினி 5070க்கு 8 ஜிபிதான், கோர் எண்ணிக்கையும் 4070இல் இருந்த அதே 4,608. புதிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேலைக்கும் சேர்த்து வாங்குவதானால் 12 ஜிபி உள்ள 5070 டிஐக்குக் கீழே இறங்காதீர்கள். இல்லாவிட்டால் கடைகளில் மிஞ்சியிருக்கும் பழைய 4080ஐத் தேடுங்கள்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்து முழு நாடும் இருண்ட 2025 பெப்ரவரி ஞாயிற்றுக்கிழமையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மடிக்கணினிக்கு பற்றரி இருப்பதால் வேலை அழியாது, அது பெரிய நிம்மதி. லீஜனில் இருப்பது 99.99 வாட் மணி. விமானத்தில் தடையின்றிக் கொண்டுபோகும் எல்லை நூறு என்பதால் அந்த விசித்திர எண். ஆனால் பற்றரியில் கேம் ஓடும் என்று எண்ண வேண்டாம். சுவர் மின்சாரம் போன கணமே சட்டங்கள் பாதிக்கு மேல் விழும். வாடை மாதங்களில் இடி முழங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள், எந்தத் தடுப்பானையும் நம்ப வேண்டாம்.

கடற்கரைக்கு அருகில் இருப்பவர்கள் கீழ்த்தட்டின் காற்றுத் துளைகளைக் கவனியுங்கள். கல்லடி மணலும் உப்பும் சேர்ந்து, சூட்டை வெளியேற்றும் உலோகச் செதில்களில் அப்பிக்கொண்டால் எந்தக் கம்பனியின் விசிறியும் அலறும். துப்புரவாக்குவதற்காக முத்திரையை உடைத்தால் உத்தரவாதம் போகுமா என்பதைக் கடையில் வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததானால் இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதையும். பழுதுபார்க்கக் கொழும்புக்குப் போவது ஒரு இரவுப் பயணம்.

மச்சான் திரும்பிப் போகுமுன் ஸ்காரை எனக்கே தருவதாகச் சொன்னான். விலை பன்னிரண்டு, உறவுக்காகக் குறைத்ததாம். அதன் திரை மட்டும் என்னைக் கொஞ்சம் தடுமாற வைத்தது. கறுப்பு கறுப்பாகவே தெரியும், பட்டுச் சேலையின் சரிகை மின்னும். நிறம் திருத்துகிறவனுக்கு அது பெரிய ஆசை. திரையைத் தனியாகக் கழற்றித் தருவாயா என்று கேட்டேன். அவன் சார்ஜரைப் பெட்டிக்குள் வைத்தான்.