கெய்லார்டியா விதைப் பாக்கெட்: வாங்கலாம், தை வரை பொறுத்தால்

வட அமெரிக்கப் புல்வெளிப் பூ இது. வெயில், வறட்சி தாங்கும், ஈரம்தான் ஆகாது. 'வருடம் முழுவதும் விதைக்கலாம்' என்ற உறை வாசகத்தை நம்ப வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டத்தில் வடகிழக்கு மழை ஓய்ந்து தை மாதம் விதைப்பதே சரி.

முளைக்க வெளிச்சம் வேண்டும். விதையைப் புதைக்காமல் மேலாகத் தூவி, கையால் லேசாக அழுத்தினால் போதும். இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். நாற்றுக்கு நாற்று ஒரு அடி விடுங்கள். செம்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலக்கவும். தொட்டியின் அடித்துளை அடைத்தால் வேர் அழுகும். சாணி உரம் கூடினால் இலை மண்டி, பூ குறைந்து, தண்டு சாயும். ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றில் கேட்கவே வேண்டாம். வாடிய பூவைக் கிள்ளிவிட்டால் மொட்டு தொடர்ந்து வரும்.

கலப்பு நிற விதை என்பதால் வீட்டு முற்றத்துக்குச் சரி. தோவாளைப் பூச்சந்தைக்கு வளர்ப்பவர்கள் தனி நிறமாகக் கேட்டு வாங்கவும்.