கஹூட்டா, பியர் கேமா? கல்லூரி வகுப்பில் சேர்ந்து படிக்க எது உதவும்

வகுப்பில் ஆன்லைன் விளையாட்டு என்றால் பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் எடுப்பது கஹூட். நார்வேயில் ஒரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து வளர்ந்தது. திரையில் கேள்வி, கையில் போன், பின்னால் இசை. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த வகுப்பும் நிமிர்ந்து உட்காரும். சரி, ஆனால் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். சரியான விடையை உடனே அழுத்தினால் 1000, நேரம் முடியும்போது அழுத்தினால் ஏறக்குறைய 500. அதாவது பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு யோசித்தால் நஷ்டம். குழு முறையும் உண்டு. அதில் விடைக்கு முன் பேசிக்கொள்ளக் கிடைப்பது சில நொடிகள்தான். அதற்குள் என்ன விவாதம் நடக்கும்? போன் யார் கையில் இருக்கிறதோ அவர் விடைதான் குழுவின் விடை.

பெங்களூரில் தொடங்கிய வினாடி வினாத் தளமான குவிசிஸ் (2025 முதல் அதன் பெயர் வேகிரவுண்ட்) அவரவர் வேகத்தில் ஆட விடுகிறது. வீட்டில் திருப்பிப் பார்க்க நல்லது. சேர்ந்து படிப்பதற்கு அதை எடுக்க மாட்டேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1960 வாக்கில் உருவான பியர் கேம் வேறு ரகம். முதலில் பலகையில் ஆடினார்கள், இப்போது ஆன்லைனிலும் கிடைக்கிறது. பியர் விற்கும் சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். ஆட்டத்தில் ஒரு சுற்று ஒரு வாரம்; வாரா வாரம் அடுத்தவருக்கு ஆர்டர் போட வேண்டும். சரக்கு தேங்கினால் பெட்டிக்கு அரை டாலர் செலவு, கொடுக்க முடியாமல் பாக்கி விழுந்தால் ஒரு டாலர். வாடிக்கையாளரின் தேவை 4 பெட்டியிலிருந்து 8க்கு ஒரே ஒரு முறைதான் ஏறுகிறது. ஆனால் சரக்கு வர வாரங்கள் ஆவதால் எல்லோரும் பதறிக் கூடுதலாகக் கேட்க, ஆலைக்குப் போய்ச் சேரும் ஆர்டர் தாறுமாறாகிவிடும். மேலாண்மைப் பாடத்தில் புல்விப் எஃபெக்ட் என்று படிப்பது இதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டத்தின்போது அவர்கள் பேசிக்கொள்ளக் கூடாது. பேச்சு பிறகுதான். நால்வரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லி முடித்ததும் வாடிக்கையாளர் தேவையின் வரைபடத்தைத் திரையில் காட்ட வேண்டும். அதற்கப்புறம் நடக்கும் விவாதம் எந்த வினாடி வினாவிலும் வராது. (பெயரில் பியர் இருப்பது துறைத்தலைவருக்கு உறுத்தினால் பால் பாக்கெட் என்று மாற்றிக்கொள்ளலாம், கணக்கு அதேதான்.)

சங்கடம் என்னவென்றால், இது விநியோகச் சங்கிலிப் பாடத்துக்கே செய்தது. வரலாறு, இலக்கியம், வேதியியல் நடத்துபவர்களுக்கு கூகுள் படிவத்திலேயே பூட்டுப் புதிர் செய்யலாம். சரியான சொல்லைத் தட்டினால்தான் அடுத்த பகுதி திறக்கும்படி அமைக்க முடியும், செலவும் இல்லை. எல்லோருக்கும் எல்லாத் துப்பும் கொடுத்தால் கெட்டிக்கார மாணவர் ஒருவரே முடித்துவிடுவார். ஆளுக்கு ஒரு துப்பாகப் பிரித்துக் கொடுங்கள். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சஸ் பள்ளிகளில் தொடங்கிய ஜிக்சா முறை இதே ஏற்பாடுதான்: ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்கு வேண்டிய துண்டு.

என் தேர்வு: பாடம் முடிந்து பத்து நிமிடம் மிச்சம் இருந்தால் கஹூட். சேர்ந்து யோசிக்க வைக்க வேண்டுமென்றால் பூட்டுப் புதிர், மேலாண்மை வகுப்பென்றால் பியர் கேம். பியர் கேமுக்கு ஒரு பீரியட் போதாது. ஆட்டத்தையும் விவாதத்தையும் அடுத்தடுத்த இரண்டு பீரியடில் வையுங்கள்.